விளக்கடியில் சபியா அக்கா

வெள்ளிக்கிழமை காலை பஸ் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் திரும்பும்போது சபியா அக்காவின் மகன் இம்ரான் போன் செய்தான். "அம்மா மௌத்தாயிட்டாங்க ஆன்ட்டி. காலையில தொழுதுட்டுப் படுத்தாங்க, எழுந்துக்கல" என்றான். ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று சொல்லி வைத்துவிட்டான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பூந்தமல்லியில் இருக்கும் அவர் வீட்டுக்கு பஸ் பிடித்தேன். நம் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த பலரால் அன்று வர முடியவில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அக்கா கடைசிச் சோதனைப் பிரிவில் இருந்தவர். வண்டிகளுக்கான அலுமினியப் பாகங்களை வெள்ளை விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்து, குழியோ கீறலோ இருந்தால் ரீவொர்க்குக்கு, அதாவது மறுபடி சரிசெய்ய, ஒதுக்கி வைப்பார். வெளிச்சம் பாகத்தின் மேல் விழும். அவர் முகம் நிழலில் இருக்கும். வயதுக்கு வந்த காலத்தில் முளைத்த பருக்கள் இரண்டு கன்னங்களிலும் ஆழமான தழும்புகளை விட்டுப் போயிருந்தன. யாராவது எதிரே வந்து நின்றால் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார்.

எவ்வளவு குறை வரை ஒரு பாகத்தை ஏற்கலாம் என்று காட்ட அங்கே ஒரு மாதிரித் துண்டு வைத்திருப்பார்கள். அதன் பெயர் லிமிட் சாம்பிள். புதிதாக வந்த பெண்கள் பயத்தில் எல்லாவற்றையும் ரிஜெக்ட் செய்தால், அக்கா அந்தத் துண்டை அவர்கள் கையில் வைப்பார். "வழவழன்னு வேணும்னா கண்ணாடிக் கடைக்குப் போ. இங்க இது வரைக்கும் ஓகே" என்பார்.

சூப்பர்வைசர் பதவி அவரை இரண்டு முறை தேடி வந்தது. இரண்டு முறையும் வீட்டைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். அந்தப் பதவியில் இருப்பவர், வாடிக்கையாளர் கம்பெனியின் ஆட்கள் வரும்போது அவர்களோடு விளக்கடியில் நின்று பேச வேண்டும். மூன்றாவது முறை வந்தபோது கேன்டீனில் என்னிடம், "இந்த தபா ஒத்துக்கலாம்னு கீறேன் பத்மா. அதுக்கு முன்னாடி மூஞ்சிக்கு எதாவது பண்ணணும். கூட வரியா?" என்றார். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. பேக்கிங் செல்விக்கு இது காதில் விழுந்துவிட்டது.

"பேரன் எடுத்தாச்சு, இன்னும் இன்னாக்கா மேக்கப்பு?"

"பேரன் மூஞ்சி நல்லாத்தான் கீது. எனக்குத்தான்டி பாக்கி" என்று அக்கா சோற்றைப் பிசைந்தார்.

பூந்தமல்லியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். வெள்ளையாவதற்கென்று மருந்துக் கடையில் வாங்கி அக்கா வருடக்கணக்காகப் பூசிவந்த க்ரீமைத்தான் அவர் முதலில் நிறுத்தச் சொன்னார். அதில் தோல் மெலிந்து போயிருந்தது. பிறகு பொறுமையாக விளக்கினார். எல்லாத் தழும்புக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. அகலமாக அமுங்கியவற்றுக்கு, மரத்துப்போக வைத்து, தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிடலாம். குறுகி இறங்கிய குழிகளுக்குள் அமிலத்தைத் தொட்டு வைக்கலாம். நுண்ணூசி சிகிச்சையைப் பல தடவை செய்ய வேண்டியிருக்கும். லேசரும் உண்டு, ஆனால் நம் நிறத்துத் தோலில் கருமை படியலாம், அதனால் நிதானமாகத்தான் போக வேண்டும். எது செய்தாலும் வெயிலுக்கான க்ரீமை விடக் கூடாது. முழுசாகப் போகாது, ஆழம் குறையும் என்றார்.

"மெட்ரோக்காரன் தோண்டின ரோடே சமமாயிடுச்சு, இது ஆவாதா?" என்றார் அக்கா. டாக்டர் சிரித்தார். அக்கா விடவில்லை. "அப்போ லிமிட் சாம்பிள் காட்டுங்க. எது வரைக்கும் வந்தா நிறுத்திக்கலாம்?" அது என்னவென்று நான் விளக்கியதும், வேறொருவரின் கன்னம் மட்டும் தெரியும் படங்களை, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றை, டாக்டர் காட்டினார். அக்கா அவற்றைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது பாஸ்" என்றார்.

ஊசியால் நார் அறுத்த மறுநாள் கன்னங்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன. அது வடிய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்து வாடிக்கையாளர் கம்பெனியின் ஆட்கள் சொன்ன தேதிக்கு முன்னதாக வந்து இறங்கிவிட்டார்கள். அக்கா லீவு போட்டுக்கொள்ளலாம், அதே பிரிவில் இருக்கும் மோகன் நிற்பார் என்றார் மேனேஜர். மோகன் அன்று நின்றால் பதவியும் மோகனுக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா பையிலிருந்து மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டு விளக்கடிக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு பட்டு அவர் மூக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்தார். மறுபடியும் மங்கியது. கையிலிருந்த பாகத்தில் குழி இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை, வந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தார். முகம் முழுக்க வெளிச்சத்தில் இருந்தது.

வந்தவர்களில் பெரியவர் பதறிப்போய், "என்னம்மா, ஆக்சிடென்ட்டா?" என்றார்.

"இல்ல சார், ரீவொர்க் நடக்குது. நீங்க பார்ட்டைப் பாருங்க."

அவர்கள் தள்ளி வைத்த இரண்டு பாகங்களை சாம்பிளோடு ஒப்பிட்டுக் காட்டி ஏற்கவைத்த பிறகுதான் அக்கா நிமிர்ந்தார். பதவி அவருக்கே வந்தது.

இன்னும் சில தடவை ஊசிக்குப் போனார். பிறகு போதும் என்றுவிட்டார். லேசர் செய்தால் இன்னும் குறையும் என்று டாக்டர் சொல்லியும் மறுத்துவிட்டார். வீடு திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன்: இன்னும் தெரிகிறதே, வருத்தமில்லையா? என் தாடையிலும் சில தழும்புகள் உண்டு, அதனாலும் கேட்டேன்.

"குழி போச்சான்னா, முக்கால்வாசி போகல. பேசறவங்க கண்ணு என் மூஞ்சில எங்க போவுதுன்னு பாத்துகினே இருப்பேன் பாரு, அது போச்சு. அதுக்கு எந்த ஊசின்னு டாக்டருக்கே தெரியாது."

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குள் பெண்கள் நிறைந்திருந்தார்கள். முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரோ சொல்ல, எனக்கும் இடம் விட்டார்கள். வெள்ளைத் துணிக்கு நடுவே அந்தக் கன்னங்களை அருகிலிருந்து பார்த்தேன். பார்வையை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

என் தாடைக்கு வைத்தியம் செய்துகொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அன்று அழுதழுது என் முகம் வீங்கி, மூக்கு சிவந்து, இருந்த தழும்பெல்லாம் எடுப்பாகத் தெரிந்திருக்கும். முன்பின் தெரியாதவர்கள் நடுவே அப்படியே உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் அக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் கண் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது. சபியா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்.