கட்டையாட்டம் ஒரு கெண்டை

நேற்று வீட்டு வாசலில் ஒரு பையன் வண்டியை நிறுத்தி ஒரு பொட்டலத்தை நீட்டினான். மருமகள் போனில் சொல்லி வரவழைத்த மீன். காற்றை உறிஞ்சி ஒட்டின பிளாஸ்டிக் உறைக்குள்ளே துண்டு துண்டாக, தோலில்லை, தலையில்லை, வாசமும் இல்லை. மேலே ‘இன்று பிடித்தது’ என்று ஒரு ஸ்டிக்கர். கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியிருக்கிறவனுக்கு இன்று பிடித்த கடல்மீன்! ஏற்காடு மலையடிவாரத்துக்குக் கடல் எப்போது வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். பையன் போய்விட்டான். பழக்கதோஷம், பொட்டலத்தைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது விழுந்தபடியே இருந்தது.

இந்த அமுக்கிப் பார்க்கிற புத்தி எனக்கு லாரி டயர் கடையில் வந்தது. இளவயதில் சேலத்தில் அந்தக் கடையில்தான் வேலை. டயரைத் தட்டி, அமுக்கி, மோந்து பார்த்தே வயசைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கித்தாப்பு உண்டு. அந்தக் கித்தாப்பை மீன் விஷயத்திலும் காட்டப்போய் அக்காவின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தோம் நானும் அம்மாவும். அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அக்கா அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவர் தூத்துக்குடிக்காரர். நம்ம சபைதான், வேதக்காரக் குடும்பம். இருவருக்கும் பிடித்துப்போனது. எங்கள் வீட்டில் மறுப்பில்லை. அவருடைய அம்மாதான் இழுத்தார். வள்ளம் வைத்துக் கடலுக்கு ஆள் அனுப்புகிற குடும்பம் அவர்களுடையது. “மீனு தெரியாத ஊர்ல போயி பொண்ணெடுக்கணுமாக்கும்?” என்று மகனிடம் கேட்டிருக்கிறார். அது அக்கா காதுக்கு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதாள்.

பெண் பார்க்க அவர்கள் வருவதாகச் சொன்ன நாள் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. தவக்காலத்தில் நல்ல காரியம் பேசுவதா என்று அப்பாவுக்கு முணுமுணுப்பு. “சும்மா பாத்துட்டுப் போறாங்க, விடுங்க” என்று அடக்கினாள் அம்மா. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி கூடாது, மீன் ஆகும். சாம்பார் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். “கடல்காரங்களுக்குச் சாம்பாரா ஊத்தறது? மானம் போயிருமுங்க” என்றாள் அம்மா. முந்தின நாளே மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியிலிருந்து வஞ்சிரம் வாங்கியாகிவிட்டது. வாங்கினது நான்தான், அமுக்கிப் பார்த்து. மெத்துமெத்தென்று இருந்தது. எங்கள் ஊரில் மெத்தென்று இருந்தால் நல்ல மீன், விறைப்பாக இருந்தால் ஐஸில் பல நாள் கிடந்த மீன். இப்படித்தான் எங்களுக்கெல்லாம் கணக்கு.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. எடப்பாடிக்காரர், காவேரி மீன் தின்று வளர்ந்த நாக்கு. விடியற்காலையில் முதல் பஸ் பிடித்து மேட்டூர் போனார். சாயங்காலம் டேமில் வலை கட்டிவிட்டு விடிகாலையில் போய் எடுப்பார்கள் பரிசல்காரர்கள். அப்படிப் பரிசலிலிருந்து இறக்கின கெண்டையை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அம்மா முன்னால் ஜம்பமாகப் போட்டார். சாக்கைப் பிரித்தால் மீன் விறகுக்கட்டை மாதிரி நீட்டி நிமிர்ந்து கிடக்கிறது.

“ஏனுங்க, இதென்னங்க ஐஸ் மீனைக் கொண்டாந்திருக்கீங்க?”

“என்ற கண்ணு முன்னால பரிசல்ல இருந்து எடுத்தான்.”

“அப்பறம் ஏனுங்க கட்டையாட்டம் இருக்குது?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் டயர்க்காரன் அல்லவா? அமுக்கினேன், இம்மியும் அசையவில்லை. “ஐஸ்ல கிடந்ததுதாங்கப்பா” என்று தீர்ப்புச் சொன்னேன். அப்பா முகம் சுண்டிப்போய்த் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். கெண்டை கொல்லைப்பக்கம் சலதாரைக்குப் பக்கத்தில் ஒரு அன்னக்கூடைக்குள் தள்ளப்பட்டது.

பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பத்துக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. நேரே அடுப்படிக்குப் போனார். மசாலா தடவக் காத்திருந்த வஞ்சிரத் துண்டைக் குனிந்து மோந்தார். “இத எந்த மாசம் புடிச்சாவ?” என்றார். வாசற்படியில் நின்ற அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவர் கூடையைப் பார்த்துவிட்டார். கெண்டையைத் தலையில் பிடித்துத் தூக்கினார். வால் தொங்காமல் நேராக நின்றது.

“இத ஏம்மா வெளிய போட்டிய? இன்னைக்கி விடியக்காலம் செத்த மீனுல்லா! செத்த கையோட இப்பிடித்தான் வெறைக்கும். பொறவுதான் எளகும். அதுக்கும் பொறவு நாறும்.”

அம்மா மென்று விழுங்கினாள். “எங்கூருக்கு வெறப்பா வர்ற மீனெல்லாம் ஐஸ்லதானுங்க வரும்.”

அந்த அம்மா ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. மகனைக் கூப்பிட்டு, “நாஞ் சொன்னேன்லா?” என்று மட்டும் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே கெண்டையை ஆய்ந்து, அவரே குழம்பும் வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு குழம்பு. அம்மா பக்கத்தில் நின்று புளி கரைத்துக் கொடுத்தாள், சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி.

சாப்பிட உட்கார்ந்தோம். அந்த அம்மா சாப்பிடுகிற அழகே தனி. மீனை வாயில் போட்டு, பேசிக்கொண்டே மென்று, முள்ளைக் கடைவாயோரம் ஒதுக்கித் துப்பிவிடுவார். கையால் ஆய்கிற வேலையே கிடையாது. கடல்மீனுக்கு அது சரி. கெண்டைக்குச் சதைக்குள்ளே கவட்டை முள் இருக்கிறது, தெரியுமா? இரட்டையாகப் பிரிந்து நிற்கும். எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும், பிட்டுத் தடவிப் பார்த்துத்தான் வாயில் வைக்கும்.

திடீரென்று பேச்சு நின்றது. அந்த அம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. தண்ணீர் குடித்தார், போகவில்லை. மகன் எழுந்து நின்று கையைப் பிசைகிறார். அக்கா முதுகைத் தடவுகிறாள். அம்மா ஓடிவந்து வெறுஞ்சோற்றை உருண்டையாகப் பிடித்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

“மெல்லாதீங்க சாமி. அப்பிடியே முழுங்குங்க. ஒண்ணும் ஆகாது சாமி.”

இப்போது டாக்டர்கள் அப்படிச் செய்யாதே என்கிறார்கள். அன்றைக்கு மூன்றாவது உருண்டைக்கு முள் இறங்கிவிட்டது. அந்த அம்மா மூச்சு வாங்கினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

“மீனு தெரியாத ஊருன்னு சொன்னேன். அது மீனு காதுல விழுந்திட்டு போல.”

அப்பாதான் முதலில் சிரித்தார். கெண்டைதான் புது மீன் என்று அந்த அம்மா சொன்னதிலிருந்து அடக்கிவைத்திருந்த சிரிப்பு.

அந்த அம்மா அக்காவின் தட்டைப் பார்த்தார். முள்ளெல்லாம் ஓரமாக, சதை தனியாக இருந்தது. “இவளுக்கு முள்ளெடுக்கத் தெரியுது. மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்றார். அக்கா எழுந்து உள்ளே ஓடினாள். அப்பாடா! ஈஸ்டர் முடிந்து கல்யாணம், அக்காவும் தூத்துக்குடிக்கே போய்விட்டாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்த மீனைச் சொல்லி மாளாது. பஸ்ஸில் ஐஸ் பெட்டி வரும். திறந்தவுடனே அம்மா போன் போடுவாள், “போன வாட்டி அளவுக்கு இல்லீங்க சம்பந்தி” என்று. அங்கிருந்து உடனே பதில் வரும், “ஒங்களுக்கு வெறச்சா பழசு, எளகுனா புதுசு. ஒங்க வாய்க்கு நா என்னத்த அனுப்ப?” அரைமணி நேரம் இருவருக்கும் இதே சண்டை. வைக்கும்போது இருவருக்கும் குரல் குளுகுளுவென்று இருக்கும். இருவரும் கண்மூடுகிற வரைக்கும் இது ஓயவில்லை.

அக்கா மகன் இப்போது மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறான். மீன் சதை அடுக்கடுக்காக இருக்கும், நடுவில் சவ்வு கொஞ்சம்தான், அதனால்தான் ஆட்டுக்கறி மாதிரி நெடுநேரம் வேகவேண்டியதில்லை என்பான். வலையில் துடித்துத் துடித்துச் செத்த மீன் சீக்கிரம் விறைக்கும், சீக்கிரம் இளகும் என்பான். அவன் சொல்லித்தான் அன்றைய கெண்டையின் கதையே எனக்குப் புரிந்தது. வள்ளத்தை எப்போதோ விற்றுவிட்டார்கள். கடலை அரித்து இழுக்கிற விசைப்படகுகளின் பெரிய மடிவலைகளோடு சின்ன வலை மல்லுக்கட்ட முடியவில்லை. நல்ல மீனெல்லாம் கம்பெனிக்குப் போகிறது. அக்கா வீட்டுக்கும் இப்போது பொட்டலம்தான் வருகிறதாம், கடலுக்கு எதிரிலேயே!

நேற்றைய மீன் ஒன்றும் மோசமில்லை. மருமகள் நன்றாகத்தான் வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு அக்காவுக்கு போன் போட்டேன்.

“ருசி எப்பிடி இருந்துது?” என்றாள். இப்போது பேச்செல்லாம் அந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு.

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“பொறவு என்னல?”

“ஒண்ணுமில்லக்கா. குறை சொல்றதுக்கு ஆளில்ல.”



“இங்கயுந்தான்” என்றாள்.