வெள்ளிக்கிழமைச் சூப்பு

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீனோ இறைச்சியோ முட்டையோ அடுப்பேறியதில்லை. அந்த விரதம் என் மனைவியினுடையது. நான் அதற்கு உடன்பட்டிருந்தேன், அவ்வளவே. சென்ற இலையுதிர்காலத்தில் அவள் காலமான பின், அவள் செய்துவந்தவற்றுள் எதை என்னால் தொடர இயலும் என்று எண்ணிப் பார்த்தேன். பூசை எனக்குப் பழக்கமில்லை. அவளைப் போல உறவினர் அனைவரோடும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கவும் வராது. வெள்ளிக்கிழமை ஒன்றே என் கைக்கு எட்டியது. சமையலும் வராது என்பதால், வெள்ளி மதியங்களில், நோர்வேயில் நாங்கள் குடியிருந்த ரொம்மனிலிருந்து பக்கத்து ஸ்டோவ்னருக்கு நடந்து, அங்குள்ள சிறிய ஜப்பானிய ராமென் கடையில் மரக்கறிகள் மிதக்கும் நூடில்ஸ் சூப்பு ஒரு கோப்பை சாப்பிடத் தொடங்கினேன்.

கடையை நடத்துவோர் மலேசியாவிலிருந்து வந்த முஸ்லிம் தம்பதியர். கணவர் ஜப்பானில் தொழில் பழகியவர். சமையலறையை விட்டு வெளியே வருவது அரிது. மனைவி மேசைகளைக் கவனிப்பார். பன்றியிறைச்சியும் மதுவும் இல்லை என்று கதவிலேயே எழுதியிருக்கும். பின்புறத் திரைக்கு அப்பால் தொழுவதற்கு ஒரு விரிப்பு. சோயா சாற்றில் இயல்பாக ஊறிவிடும் சிறிதளவு மதுவும் ஆகாதென்று வேறொரு வகையைத் தேடி வரவழைப்பதாக அந்த அம்மையார் ஒருநாள் எனக்கு விளக்கினார். தமது விலக்கை இத்துணை நுணுக்கமாகக் காப்பவர்களிடத்தில் என் விலக்கும் தானாகவே காக்கப்படும் என்று நான் எப்படியோ முடிவு செய்துவிட்டேன். கேட்கவில்லை.

சூப்பு மிக நன்றாக இருந்தது. தொழுகை முடித்த டாக்சிச் சாரதிகளும் பிள்ளைகளோடு வரும் தாய்மாரும் நிறைந்து, கண்ணாடியில் ஆவி படிந்த அந்தக் கடையில், பனி கொட்டும் மாரிகாலத்து வெள்ளிக்கிழமைகளை நான் எதிர்பார்க்கலானேன். எதிர்பார்ப்பதற்கு ஒன்று இருந்தது எனக்கே வியப்பாயிருந்தது.

பனி உருகத் தொடங்கிய ஒரு வெள்ளியன்று, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், என் மேசைக்குப் பின்னால் வரிசையில் நின்ற இளந்தம்பதியர் தமிழில் பேசிக்கொண்டார்கள். தமிழ்நாட்டுப் பேச்சு.

“ஏங்க, சூப் வெஜ்ஜான்னு கேளுங்க.”

“அந்த அங்கிள் சாப்பிடறாரே, அது வெஜ்தானே. அதையே காட்டிச் சொல்லிடலாம்.”

அவர் என் கோப்பையைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார். இங்குள்ள எல்லாச் சூப்பும் கோழி எலும்பில் கொதித்தவையே, அதுவும் அப்படித்தான், மேலே போடுவதுதான் வேறு என்று அம்மையார் சொன்னார்.

“அய்யய்யோ, அது அந்த அங்கிளுக்குத் தெரியுமா?”

“சும்மா இரு. நமக்கென்ன? அவர் தமிழான்னே தெரியாது.”

நான் திரும்பினேன். “தமிழ்தான். எனக்குத் தெரியாது, பிள்ளை.”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் மன்னிப்புக் கேட்டார், தாமே சூப்பில் கோழியைப் போட்டவர் போல.

கோப்பையில் பாதி மீதமிருந்தது. முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டேன். என் முகத்தைக் கண்ட அம்மையார் மேசைக்கு வந்தார். நோர்வேஜிய மொழியில் விடயத்தைச் சொன்னதும் அவர் நெஞ்சில் கை வைத்தார். விலக்கப்பட்டதை அறியாமல் உண்பது எத்தகையதென்று அந்தக் கடையில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“முட்டை வேண்டாமென்பீர்களே, அது வைத்தியர் சொல்லி என்றல்லவா நினைத்தேன்! இந்த மாரி முழுக்கவா?”

“இந்த மாரி முழுக்க.”

“அறியாமல் உண்டது எங்களுக்குக் குற்றமில்லை. உங்களுக்கு?”

“அதையெல்லாம் அறிந்தவள் என் மனைவி. அவள் இப்போது இல்லை.”

அவர் எதிரில் உட்கார்ந்து விசாரிக்கத் தொடங்கினார். காய்ந்த மீன் தூள்? கூடாது. வெங்காயம்? ஆகும். காளான்? ஆகும். கடற்பாசி? அங்கே நான் தடுமாறினேன். எங்கள் சமையலறைக்குள் கடற்பாசி வந்ததேயில்லை. அதைப் பற்றி என் மனைவி எதுவும் சொல்லும்படி நேரவுமில்லை.

“கடலில் வளரும் செடி,” என்று அவர் உதவினார்.

“செடியென்றால் ஆகும்,” என்றேன். அவள் இல்லாமல் நான் வழங்கிய முதல் தீர்ப்பு அது.

மாலையில் பேர்கனிலிருந்து மகள் அழைத்தபோது நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் தவித்தாள். செத்தவீட்டுக்குப் பின் அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கவில்லை.

“ஆயுள் முழுக்கத் தண்ணியை ஆராய்ஞ்ச மனிசன், கோப்பைக்குள்ளை என்ன கிடக்கெண்டு கேக்கேல்லையோ, அப்பா?”

“அது ஆய்வுகூடம். இது சாப்பாடு.”

“அம்மா உங்களை ஒரு நாளும் நம்பேல்லை. வெள்ளிக்கிழமையளிலை வேலையிடத்துக் கன்டீனிலை என்ன திண்டிட்டு வாறாரோ எண்டுதான் சொல்லுவா.”

“அங்கை ரொட்டியும் சீஸும்தான் சாப்பிட்டனான்.”

“இனி என்ன செய்யப் போறியள்?”

அடுத்த வெள்ளி அம்மையார் எனக்கெனத் தனியே வைக்கப்போகும் கடற்பாசிச் சூப்பைப் பற்றிச் சொன்னேன்.

“கடற்பாசி சைவமெண்டு ஆர் சொன்னது?”

“நான்.”

“ஓ! இப்ப நீங்களோ!” என்றாள். “சரிதான் அப்பா. அம்மாவும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பா.”

அடுத்த வெள்ளியன்று எனக்காகத் தனிப் பானையும் தனி அகப்பையும் வைத்திருந்தார்கள். கோப்பையைத் தருமுன் அம்மையார் அதிலிருந்த ஒவ்வொன்றையும் பெயர் சொன்னார். இம்முறை நான் இறுதிவரை கேட்டேன். அவருடைய கணவர் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்.

சூப்பில் கடலின் மணம் இருந்தது.

“எப்படி?” என்று கணவர் கேட்டார்.

“நல்லது.”

“உண்மையாகவா?”

“சற்றுச் சாரம் குறைவு.”

“எலும்பில்லாமல் வேறெப்படி இருக்கும்!” என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

நான் பாதி உண்டிருக்கையில் அந்த இளந்தம்பதியர் மறுபடி வந்தார்கள். அந்தப் பெண் வரிசையில் சேராமல் நேரே என் மேசையருகே வந்தாள்.

“அங்கிள், இன்னிக்கு ஓகேவா?”

“ஓம், பிள்ளை. இண்டைக்குச் சாப்பிடலாம்.”

அவள் கணவரைப் பார்த்து இரண்டு விரல்களைக் காட்டினாள். நான் கோப்பையைக் காலி செய்தேன். நாளை சனிக்கிழமை, கோழிச் சூப்புக்கு மேல் முட்டையும் வேண்டும் என்று அம்மையாரிடம் சொல்லிவிட்டு எழுந்தேன்.