ரூடி வாய் திறக்காத ஒரே விஷயம்

ஸ்டீமர்ஸ் பேஸ்பால் அணியைப் பற்றிச் சொல்ல ரூடி செர்னிக்கு ஒரு கருத்து இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை. இரும்பாலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், கிரேனிலிருந்து கீழே இறங்கியதும் அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு, "நேத்து அந்தக் கழுதை பண்ண வேலையப் பாத்தியா?" என்பதாகத்தான் இருக்கும். கழுதை என்றால் அணியின் மேனேஜர். மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். கழுதைப் பட்டம் மட்டும் யாரோடும் கூடப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டது.

ஆலையை இழுத்து மூடிய பிறகு கேட்க ஆள் குறைந்துபோயிற்று. ரூடி வானொலிக்குப் போன் போட ஆரம்பித்தார். ஆட்டம் முடிந்ததும் பக் ரெய்லி என்பவர் நேயர்களோடு பேசும் நிகழ்ச்சி ஒன்று வரும். "அடுத்து நம்ம டெனிசன் தெரு ரூடி" என்று பக் சொன்னால் போதும், ஏரிக்கரைச் சாலையில் போகிற கார்களிலெல்லாம் ஒலியைக் கூட்டுவார்கள்.

"பக், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த இடதுகைப் பையனை எதுக்குய்யா வித்தானுங்க? பதிலுக்கு ரெண்டு பேரை வாங்கியிருக்கானுங்களே, ஒருத்தனுக்கு முட்டி போச்சு, இன்னொருத்தனுக்கு மூளை போச்சு. அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுட்டு, வருங்காலத்துக்குத் திட்டம்னு பேப்பர்ல பேட்டி வேற!"

"ரூடி, உங்களையே பொது மேலாளரா போட்டுடலாமா?"

"போடுய்யா. என் பொண்டாட்டி சமைக்கிற முட்டைக்கோஸைத் தின்னுட்டே இதைவிட நல்லா நடத்துவேன்."

வெறும் வாய்ச்சவடால் என்று ஒதுக்கிவிட முடியாது. மனிதருக்குக் கண் இருந்தது. பந்து வீசுகிற பிட்சர் சோர்ந்துவிட்டான் என்பது பயிற்சியாளர்களுக்குத் தெரிவதற்கு முன்பே ரூடிக்குத் தெரிந்துவிடும். பந்து விடும்போது முழங்கை கொஞ்சம் இறங்குகிறது பார் என்பார். பக்கத்திலிருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த பந்து வேலிக்கு வெளியே போய் விழும்போதுதான் தெரியும்.

இவ்வளவு பேசுகிற மனிதர் வாயைத் தைத்துக்கொண்டது போல உட்காரும் ஒரு சமயமும் உண்டு. ஒரு பிட்சர், எதிரணியில் ஒருவனும் அடித்து ஓட முடியாதபடி, ஒரு ஹிட்கூட விட்டுக்கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸில் ஆறேழைத் தாண்டிவிட்டான் என்றால், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் அந்தக் கணமே கலைந்துவிடும். அணியின் பெஞ்சில்கூட அவன் பக்கத்தில் யாரும் போய் உட்காரமாட்டார்கள். பார்க்கிறவர்கள் எங்கே உட்கார்ந்தார்களோ அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கழிப்பறைக்கு அவசரமென்றால் அடக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் பைபிளை நம்பாதவன் இருக்கலாம், இதை நம்பாதவன் கிடையாது.

அப்படி ஓர் ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில், ரூடியின் மனைவி இர்மாவின் அண்ணன் ஓட்டோ, வாயெல்லாம் கடுகுச் சாஸ் வழிய, "அட! இவனை இன்னும் ஒருத்தன்கூட அடிக்கலையே!" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அடுத்த பந்தே அடிபட்டுத் தரையில் உருண்டு, தடுக்க நின்ற இரண்டு பேருக்கு நடுவில் ஹிட்டாகப் போயிற்று. மைத்துனர் என்றுகூடப் பார்க்கவில்லை ரூடி. அதற்குப் பிறகு பல கிறிஸ்துமஸ்களுக்கு ஓட்டோவோடு பேச்சுவார்த்தை இல்லை. பாவம் இர்மா, சகோதரனுக்கு ஒரு வேளையும் கணவனுக்கு ஒரு வேளையுமாகச் சாப்பாடு போட்டாள்.

இர்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிற்க வைக்கத் தெரிந்தவள். பேஸ்பாலில் அவளுக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் ரூடியோடு குடித்தனம் பண்ணியதில், ஸ்டீமர்ஸ் யாரை விற்றார்கள், யாரை வாங்கினார்கள் என்பதெல்லாம் அவளுக்கும் மனப்பாடம்.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது ஓர் இலையுதிர் காலத்தில். அறுவை சிகிச்சை முடிந்து, "இப்போதைக்கு எதுவும் தென்படவில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வோம்" என்றார் மருத்துவர். முதல் பரிசோதனை சுத்தம். அடுத்த ஒரு வருஷமும் சுத்தம்.

ரூடிக்கு இது எந்த மாதிரி விஷயம் என்பதில் சந்தேகமே வரவில்லை. மருத்துவமனைக்குப் போகும் நாளெல்லாம் அதே நீலச் சட்டையைப் போட்டார். காத்திருக்கும் அறையில் மீன் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அதில் வேறு யாராவது இருந்தால் எழுந்து போகும்வரை நின்றார். வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்லக்கூடாது. 'குணமாயிடுச்சு' என்று சொல்லவே கூடாது. ஓட்டோ ஒருநாள் போனில், "இர்மாவுக்கு எல்லாம் சரியாயிடுச்சாமே!" என்று ஆரம்பிக்க, ரூடி போனை வைத்துவிட்டார்.

"யாரு போன்ல?" என்றாள் இர்மா.

"உங்கண்ணன். திருந்தவே மாட்டான்."

இர்மாவுக்கோ பேச வேண்டியிருந்தது. நாள் முழுக்க வீட்டிலிருப்பவள். மனதில் என்னென்னவோ ஓடியிருக்கும். ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது வானொலியை அவளே நிறுத்தினாள்.

"ரூடி, ஒரு விஷயம் பேசணும்."

"சொல்லு."

"ஒருவேளை அது திரும்பி வந்துச்சுன்னா..."

ரூடி முள்கரண்டியை வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். "வேணாம் இர்மா."

"நான் என்ன சொல்ல வர்றேன்னே உனக்குத் தெரியாதே."

"எதுவா இருந்தாலும் வேணாம். நல்லாப் போயிட்டிருக்கு. போகட்டும். வாயை வெச்சிடாத."

"நான் என்ன உங்க ஸ்டீமர்ஸ் பிட்சரா?" என்று சிரித்தாள் இர்மா.

ரூடி சிரிக்கவில்லை. அவர் நெற்றி வியர்த்திருந்தது. முள்கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டு, புதிதாக வாங்கிய, பந்து பிடிக்கிற கேட்சரால் இரண்டாம் பேஸ் வரைக்கும்கூடப் பந்தை எறிய முடியவில்லை என்று ஆரம்பித்தார். இர்மா கேட்டுக்கொண்டே தட்டுகளை எடுத்தாள்.

அவருக்கு அவள்மேல் அக்கறை இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது. அவளைக் காப்பாற்றத் தன் கையில் இருந்தது இது ஒன்றுதான் என்று நம்பினார். அவ்வளவு பெரிய வாயை அவ்வளவு நாள் மூடி வைத்திருந்தது அவளுக்காகத்தான். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை இர்மா பேச்செடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை உயர்ந்தது.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இருவரும் டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாலஸ் பீல் வீசிக்கொண்டிருந்தான். ஸ்டீமர்ஸிலேயே ரூடி திட்டாத ஒரே ஆள் அவன்தான். ஏழாவது இன்னிங்ஸில் ரூடி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"தூக்குடா அவனை! முழங்கை எறங்கிடுச்சு, அந்தக் கழுதைக்குக் கண்ணு தெரியலையா? பாரு இர்மா, பாரு, பாவம், நிக்கவே முடியல அவனால."

இர்மா காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக அப்படித்தான் பிடிக்கிறாள்.

"முடியலன்னா அவனே வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்றாள்.

"எந்தப் பிட்சரும் சொல்லமாட்டான். மேனேஜர்தான் போய்க் கேக்கணும்."

"கேட்டா சொல்வானா?"

"நல்ல மேனேஜர் கேட்டா கண்டிப்பா சொல்வான்."

இர்மா அவர் முகத்தையே பார்த்தாள். திரையில் பீர் விளம்பரம் ஓடி முடிந்தது. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கழுதை எங்க கேக்கப்போறான்!" என்று சொல்லிவிட்டு ரூடி ஒலியைக் கூட்டினார். இர்மா கோப்பையோடு மெல்ல எழுந்து சமையலறைக்குப் போனாள். யாரோ ஒருவனின் முழங்கை திரையில் ஒரு விரல்கடை இறங்கியதைப் பார்த்த மனிதருக்கு, எட்டடி தூரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த மனைவி கண்ணில் படவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம் வருவது இந்த ஓர் இடத்தில்தான்.

ஜூலை கடைசியில் இர்மா கடைக்குப் போன இடத்தில் விழுந்துவிட்டாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று மருத்துவர் சொன்னார்: கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது, இனிமேல் வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான். "வசந்த காலப் பரிசோதனையிலேயே தெரிஞ்சுடுச்சே, மிஸ்டர் செர்னி. சிகிச்சை வேண்டாம்னு அவங்களே முடிவு பண்ணாங்க. வீட்டுல நானே சொல்லிக்கறேன்னாங்க."

வசந்த காலத்துப் பரிசோதனைக்கும் ரூடி போயிருந்தார். மீன் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து வந்த இர்மா தன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "போலாமா?" என்றாள். என்ன ஆயிற்று என்று கேட்பது அபசகுனம் என்று அவர் கேட்காமலே காரைக் கிளப்பியிருந்தார்.

கொலம்பஸ் நகரத்திலிருந்து மகள் ஜோனெல் வந்து சேர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று ரூடிக்குப் புரிந்துபோயிற்று.

ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்ள அணிகளுக்கு அன்றுதான் கடைசி நாள். மதியத்திலிருந்து எல்லா வானொலியிலும் அதே பேச்சு. ரூடி அறையிலிருந்த டிவியை அணைத்தார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இர்மா, என்னமோ பேசணும் பேசணும்னியே. இப்பச் சொல்லு. நான் குறுக்க பேசல. என்ன வேணா சொல்லு, கேக்கறேன்."

இர்மா கண்ணைத் திறந்து நெடுநேரம் அவரைப் பார்த்தாள். கோபமில்லை. களைப்புத்தான்.

"சொல்ல வேண்டியதெல்லாம் ஜோனெல்கிட்ட சொல்லிட்டேன், ரூடி."

"எங்கிட்ட?"

"இன்னிக்குத்தானே கடைசி நாள்? யாரை வித்தானுங்க?"

"அது எதுக்கு இப்ப? அவனுங்க எவனை வித்தா எனக்கென்ன!"

"சொல்லேன். எனக்குப் பேச மூச்சு இல்ல. நீ பேசு."

ரூடி பேசினார். வாலஸ் பீலைத்தான் விற்றிருந்தார்கள், மேற்குக் கரையில் ஏதோ ஓர் அணிக்கு. பதிலுக்கு வந்தவன் மீசை முளைக்காத பையன். பந்தை வேகமாக எறிவான், எங்கே எறிவான் என்பது அவனுக்கே தெரியாது.

"அடிமாட்டு விலைக்கா?" என்றாள் இர்மா, கண்ணை மூடியபடி.

"ஆமா," என்றார் ரூடி. "அடிமாட்டு விலைக்குத்தான்."

அவள் உதடு லேசாகச் சிரித்தது. நிறுத்தினால் அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அதனால் நிறுத்தாமல் பேசினார். மூன்றாம் பேஸ்காரனின் ஒப்பந்தம், முதலாளியின் கஞ்சத்தனம், அடுத்த வருஷம் யாரை எங்கே நிறுத்தலாம் என்று கண்ணீரும் கம்பலையுமாகச் சொல்லிக்கொண்டே போனார். மருந்து ஏற்ற வந்த செவிலி வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த வாரம் இர்மா போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கு ஓட்டோ வந்து ரூடியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரூடி அந்தக் கையை விடவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு ஜோனெல் பாத்திரம் கழுவ, ரூடி துடைத்துக் கொடுத்தார்.

"அம்மா உங்கிட்ட என்னல்லாம் சொன்னா?"

"அடக்கத்துக்கு எந்த கவுன் போடணும், என்ன பாட்டுப் பாடணும்னு. உன் பிரஷர் மாத்திரை எங்க இருக்குன்னு. கிறிஸ்துமஸுக்கு ஓட்டோ மாமாவையும் உன்னையும் ஒரே மேஜையில உக்காத்தி வெக்கணும்னு."

"எனக்குன்னு?"

ஜோனெல் குழாயை மூடினாள். "நானே கேட்டேம்ப்பா. அப்பாகிட்ட எதாவது சொல்லணுமாம்மான்னு. வசந்தத்துல நிறைய இருந்துச்சுன்னு சொன்னா. ராத்திரியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டாளாம். 'அப்புறம் விட்டுட்டேன், உங்கப்பன் ரொம்ப பயந்துட்டான், பயந்து கெடக்கறவனைப் புடிச்சு வெச்சு எப்படிச் சொல்றது'ன்னா."

"என்னன்னு உங்கிட்டயாவது சொன்னாளா?"

"இல்லப்பா. அது உனக்குன்னு வெச்சிருந்தது."

ரூடி துடைத்து முடித்த தட்டையே மறுபடியும் துடைத்தார்.

"நிறைய இருந்துச்சுன்னா சொன்னா?"

"நிறையன்னுதான் சொன்னா."

இனிமேல் எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ள அவர் தயாராகத்தான் இருந்தார். சொல்லத்தான் ஆளில்லை.