டெலாயின் பெயரை ஊதும் கொம்பு

ஐசில்டாவின் வாய்க்கு எங்கள் ஊரே பயப்படும். ஆற்றைக் கடந்து போய்ச் சேப்பங்கிழங்கு நடுவாள், மரவள்ளி துருவி ரொட்டி சுடுவாள். புருஷன் ஓடிப்போன அன்றுகூட, "சனியன் தொலைஞ்சுது" என்று சொல்லிவிட்டுத் துருவலைப் பிழிந்துகொண்டிருந்தவள். அப்படிப்பட்டவளுக்கு மகன் டெலாய் என்றால் மட்டும் உயிர்.

டெலாய் காட்டுப்பன்றி வேட்டைக்காரன். இப்போதெல்லாம் பன்றி கிட்டத்தில் எங்கே கிடைக்கிறது? காப்பித் தோட்டம் மலையேற ஏற, அதுவும் மேலே மேலே போய்விட்டது. ஜான்குரோ மலையின் அந்தப் பக்கம் முழுக்கப் பெரணிச்செடி மூடிய சுண்ணாம்புப்பாறைக் குழிகள். தவறிக் கால் வைத்தால் ஆள் போன இடம் தெரியாது. ஒரு நாள் அவனுடைய நாய் மட்டும் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தது.

இந்த மலையை வைத்தே வெள்ளைக்காரனை விரட்டினோம் என்று ஜமைக்கா முழுக்க மார்தட்டுகிற மரூன்கள் நாங்கள்; அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு மலையேறியவர்களின் வம்சம். எங்களில் ஒவ்வொருவர் பெயருக்கும் மாட்டுக்கொம்பில் ஓர் ஊதல் உண்டு. ஊர்க் கொம்பை ஊதும் ஹெட்லி தினமும் விடியலில் டெலாயின் பெயரை ஊதினார். மலை வாயே திறக்கவில்லை. தேடப் போனவர்களும் வெறுங்கையோடு இறங்கினார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. சாவு ஊதலை ஊதினால்தானே ஒன்பதாம் இரவு கூடிப் பாடி ஆவியை அனுப்பிவைக்கலாம் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள்.

"அத மட்டும் ஊதினீங்க, கையை ஒடிச்சிருவேன்!" என்று சீறினாள் ஐசில்டா. "புள்ள கால் ஒடிஞ்சு குழிக்குள்ள கெடந்தா? தன் சாவைத் தானே கேப்பான். கொம்பு சொன்னா நம்ம ஆளுங்க நம்பிருவாங்க, ஹெட்லியண்ணே. அவனும் நம்பிருவான்."

ஹெட்லி மறுநாளும் பெயரை மட்டுமே ஊதினார்.

மழை விட்டதும், மனிதர் இறங்கவே முடியாத அந்தப் பள்ளத்துக்கு மேல் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டன. ஐசில்டா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஹெட்லி வீட்டுக்கு நடந்தாள். நாயும் பின்னாலேயே போயிற்று.

"ஊதிருங்கண்ணே."

"மனசாரத்தான் சொல்றியா, ஐசி?"

"மனசாவது மண்ணாங்கட்டியாவது! அந்தப் பய இன்னும் வீட்டுக்கு வழி தேடிக்கிட்டே அலைவான். போதும், படுத்துக்கோடான்னு சொல்லுங்க."

சாவு ஊதலும் ஆளின் பெயரில்தான் தொடங்கும். ஹெட்லி டெலாயின் பெயரை ஊதினார். அதைக் கேட்டதும் நொண்டி நாய் துள்ளி எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு மலைப்பாதையை நோக்கி ஓடியது.

"ஏய், திரும்பி வா! அவன் வரமாட்டான்டா!" என்று கத்திய ஐசில்டா, அப்படியே சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஹெட்லி மூச்சை இழுத்து, மிச்சத்தையும் ஊதி முடித்தார்.