றெஜி அண்ணையின் ஐஸ் அறை

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கணிதம் படிப்பிக்கிறவன், நிறுவிக் காட்டு என்று கேட்டே பழகிவிட்டது. நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன். முழுதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

றெஜி அண்ணை குருநகரில் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்து, கிற்றாரும் கையுமாகத் திரிந்து, தமிழில் ரொக் பாட்டு எழுதித் தொண்டை கிழியப் பாடிய மனுசன். எங்களுக்கு அவர்தான் எல்லாம். நான் பேஸ் கிற்றார், ரூபன் டிரம்ஸ். இறங்குதுறைக்குப் பக்கத்தில் கைவிடப்பட்ட மீன் ஐஸ் அறை ஒன்றில்தான் வாசித்துப் பழகுவோம். இரவு முழுக்கக் கடலில் நின்றவர்கள் பகலில் நித்திரை கொள்ளும் ஊர், வெளியே வாசித்தால் செருப்பு பறக்கும். ஐஸ் அறைக்குச் சுவர் நல்ல தடிப்பு, சத்தம் வெளியே போகாது. ஒரேயொரு கரைச்சல், சாத்தினால் தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும் கொழுக்கி வெளிப்பக்கத்தில் இருந்தது. அதனால் கடைசியாக வருகிறவன் வெளியே காவல் நிற்க வேண்டும். சாத்துவதற்கு முன் அண்ணை "கதவிலை ஆர்?" என்று கேட்பார். "நான் நிக்கிறன்" என்று பதில் வந்தால்தான் சாத்த விடுவார்.

போன வருடம் அவர் இறந்த மூன்றாம் ஆண்டு நினைவு நாள். பின்னேரம் பூசை, பிறகு கல்லறையில் அவருடைய கிற்றாரில் ஒரு பாட்டு என்று ஏற்பாடு. சுருதி கூட்டி வைப்போம் என்று இரண்டு மணிபோல நான் தனியே ஐஸ் அறைக்குப் போனேன். நல்ல வெயில், கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே போய், பழக்கதோசத்தில் "கதவிலை ஆர்?" என்றேன். "நான் நிக்கிறன்" என்று வெளியில் இருந்து பதில் வந்தது. ரூபன் வந்துவிட்டான் என்று கதவை இழுத்துச் சாத்தினேன்.

சுருதி கூட்டி முடித்துத் தட்டினேன். திறக்கவில்லை. தள்ளினேன், உதைத்தேன். ஃபோனுக்குச் சிக்னல் இல்லை. ரூபனைத் தூசணத்தில் ஏசிக்கொண்டிருக்கும்போதே லைற்றும் போய்விட்டது. எனக்கு முட்டு வருத்தம், இன்ஹேலர் வெளியே மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள். இருட்டில் என் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது எனக்கே கேட்டது. இங்கேயே செத்துப் போவேன் என்று நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து அண்ணை எனக்குத்தான் கடைசியாக ஃபோன் எடுத்தார். "தனியக் கிடக்கேலாமல் கிடக்கு, கொஞ்ச நேரம் வந்து இரடா" என்றார். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு ஒன்று மேசையில் கிடந்தது, நாளைக்கு வாறன் அண்ணை என்றேன். விடியும்போது அவர் இல்லை. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கதவடியில் இருந்துகொண்டு அவரிடம் சொன்னேன். "அண்ணை, அண்டைக்கு வராமல் விட்டது என்ரை பிழை. இப்ப இருக்கிறன்." கிற்றாரை மடியில் வைத்து அவருடைய பாட்டை மெதுவாக வாசித்தேன், ஒன்று முடிய இன்னொன்று. நம்பினால் நம்புங்கள், மூச்சு தானாக இறங்கியது.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. ரூபன் ஒரு விரலால் இழுத்துத் திறந்தான். காவல் நிற்கிறேன் என்றுவிட்டுப் பூட்டிப்போட்டு எங்கே போனாய் என்று அவனைப் பிடித்து உலுக்கினேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் பகிடி இல்லை.

"நான் இப்பதான் சாவகச்சேரி பஸ்ஸாலை இறங்கி வாறன்" என்று கையில் இருந்த பேப்பர் சுற்றைப் பிரித்தான். உள்ளே அந்தக் கொழுக்கி. "முந்தநாள் உடைஞ்சு போச்சு, வெல்ட் பண்ணக் குடுத்து வாங்கியாறன். கதவு சும்மாதான் கிடந்தது. தள்ளியிருந்தால் திறந்திருக்குமே."

அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். உள்ளே இருந்து நான் தள்ளும்போது அந்தக் கதவு ஒவ்வொரு முறையும் ஒரு அங்குலம் போனது, போய் மெதுவாகத் திரும்பி வந்தது. பூட்டிய கதவு அப்படி அசையாது. அதோடு, அந்தக் கதவின் குளிர்ந்த தகரத்தில் ஒரு ஆளின் முதுகளவு இடம் மட்டும் கை வைக்கக் கதகதவென்று இருந்தது.