செல்வலட்சுமி பாட்டும் மூன்று வெடியும்

சிவகாசியை அடுத்த தாயில்பட்டிப் பக்கம் ஒரு பாட்டு ஹிட்டா இல்லையா என்று சொல்லச் சென்னையிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. மினிபஸ் டிரைவர்களே சொல்லிவிடுவார்கள். காலையில் போகும்போது போட்ட பாட்டைச் சாயங்காலம் திரும்பும்போதும் போட்டால் அது ஹிட். இல்லாவிட்டால் மறுநாள் அந்த சிடி டிரைவர் தலைக்கு மேலே நூலில் கட்டித் தொங்கும், வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு.

அப்படித் தொங்காத சிடி மூன்று போட்டவர் திருத்தங்கல் சூர்யபிரகாஷ். குடும்பத்துக்குப் பிரிண்டிங் பிரஸ். அண்ணன்மார் கீழே காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்க, இவர் மாடியில் கீபோர்டும் கம்ப்யூட்டருமாக ஒரு ஸ்டுடியோ போட்டு உட்கார்ந்துவிட்டார். கோயில் பொங்கல்களுக்கு இன்னிசைக் குழுவும் நடத்தினார். எந்த இடத்தில் கூட்டம் எழுந்து ஆடும் என்று அவருக்கு விரல் நுனியில் தெரியும். தனக்குத் தெரியும் என்பதும் அவருக்கு நன்றாகவே தெரியும்.

செல்வலட்சுமி பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். சிவப்புத்தாள் சுற்றிய வெடிகளைத் திரியோடு திரி சேர்த்து ஜடை போலப் பின்ன வேண்டும். அந்தச் சாயம் விரலில் ஏறிக்கொண்டால் எந்தச் சோப்புக்கும் மசியாது. வேலை செய்யும் அறையில் தட்டக்கூடாது, தடாலென்று எதையும் போடக்கூடாது, பொறி பறக்கும் என்று இரும்புத் துண்டு எதையும் உள்ளே கொண்டுபோகக்கூடாது. ஆனால் பாடுவதற்குத் தடையில்லை. கை பின்னப் பின்ன வாய் முணுமுணுக்க, பத்து வருஷத்தில் முப்பது முப்பத்தைந்து பாட்டுக் கட்டியிருந்தாள். எல்லாம் சொந்தச் சரக்கு. பக்கத்தில் உட்கார்ந்து பின்னும் ராக்காயிதான் முதல் ரசிகை. பிடிக்காவிட்டால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுகிற ரசிகை.

அந்த முப்பத்தைந்தில் ராக்காயிக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, விரல் இப்படிச் சிவந்திருக்கிறதே, யார் வைத்த மருதாணி என்று கேட்கிறான். பெண் பதில் சொல்கிறாள்.

மருதாணி அரைக்கவில்ல மாமா
வெரலு செவந்த கதை சொல்லவா மாமா

2005 பங்குனியில் நடந்த ஊர்க் கோயில் பொங்கலில் சூர்யபிரகாஷின் மேடை ஏறி அவள் இதைப் பாடினாள். பாடி முடித்து இறங்குவதற்குள் அவர் பின்னாலேயே வந்து, ஆல்பம் போடுவோம் என்றார். செல்வலட்சுமிக்கு அன்று சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. கம்பெனி வேன் ஓட்டும் அவள் புருஷன் முனியராஜ், வழியில் கை காட்டியவர்களுக்கெல்லாம் வேனை நிறுத்திச் செய்தி சொன்னான்.

ஸ்டுடியோவுக்குப் போன முதல் நாள், பட்டாசு அறைக்குள் நுழைகிற பழக்கத்தில் செருப்பைக் கழற்றி, கொண்டை ஊசியை உருவி வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். சூர்யபிரகாஷ் சிரித்துவிட்டார். அதன்பிறகு சிரிக்கவெல்லாம் நேரமில்லை. சண்டைதான். பாட்டு ஆமை வேகம் என்றார் அவர். வேகமாய்ப் பாடினால் கதை ஓடிப்போகும் என்றாள் இவள். ஆறு சரணத்தில் மூன்றை வெட்டினார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் வீட்டில் பாடிப் பார்த்தால், வெட்டியது சரிதான். அதை ஒத்துக்கொள்ளத்தான் இரண்டு வாரம் ஆனது. ஆனால் பெண்ணின் பதிலை மாற்றி வேறு வார்த்தை போட்டபோது ஒரே பிடியாக நின்றாள். அவர்தான் விட்டுக்கொடுத்தார். ஹெட்போனில் தன் குரலுக்குக் கீழே தபேலா ஓடுவதை முதன்முதலாகக் கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு மனுஷனோடு சண்டை போட்டுப் போட்டுப் பாட்டு அழகாகும் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

அடுத்த பங்குனிக்குப் பத்து நாள் இருக்கும்போது சிடி வந்தது. முனியராஜுக்குப் பொறுக்குமா? சாயங்காலம் நாலரைக்குக் கம்பெனி வாசலில் வேனை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டிவைத்துப் போட்டான். உள்ளே பாட்டுக் கேட்டதும் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். ராக்காயி சிவந்த விரலை மூக்கின்மேல் வைத்தாள். 'சொல்லவா மாமா' என்று பல்லவி முடிந்தது.

டமார், டமார், டமார்.

அறைகளில் இருந்தவர்கள் எல்லாரும் அடுத்த நொடி வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு என்று காதுக்குத் தெரிந்திருந்தது, காலுக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் வேலை நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஓடுவதற்கும் ஒரே திசைதான், வேலிப் பக்கம். ராக்காயி கல்லில் தடுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தாள். இன்னொருத்தி வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சத்தம் வேனிலிருந்துதான் என்று தெரிந்ததும் போர்மேன் முனியராஜை வாய்க்கு வந்தபடி வைதார். செல்வலட்சுமி வேலியோரம் மூச்சு வாங்க நின்றாள். தன் பாட்டைக் கேட்டுத் தானே ஓடிவந்திருக்கிறோம் என்று உறைத்தபோது அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திருத்தங்கலுக்குப் பஸ் ஏறினாள். சூர்யபிரகாஷ் உற்சாகத்தின் உச்சியில் இருந்தார். சிவகாசிப் பாட்டுக்கு வெடி இல்லாமலா என்று கடைசி நேரத்தில் தோன்றியதாம், சும்மா சேர்த்துப் பார்த்தாராம், சாம்பிள் கேட்ட டிரைவர்கள் திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போடச் சொல்கிறார்களாம். அவள் நேற்று நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வாடியது உண்மை. ஆனால் ஹிட்டுப் பைத்தியம் அவ்வளவு லேசில் தெளியாது. வெடியை எடுத்தால் பாட்டு நமுத்துப்போகும், இது நாலாவது ஹிட், உனக்கு முதல் ஹிட், கெடுத்துக்கொள்ளாதே என்றார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு வெடின்னா தீவாளி. எங்களுக்கு அப்படி இல்ல. அந்தச் சத்தத்த எடுத்துருங்க. முடியாதுன்னா என் கொரல எடுத்துருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் உதறல். எடுத்துவிடுகிறேன் போ என்று அவர் சொல்லிவிட்டால்? பத்து வருஷப் பாட்டு, ஒரு வருஷச் சண்டை, எல்லாம் அந்த மாடிப்படியோடு முடிந்துபோகும். அவர் கம்ப்யூட்டரில் வெடி வரும் இடத்தைத் தேடி நிறுத்தினார். பிறகு, அந்த இடத்தில் வேறு எதைப் போடுவது என்று கேட்டார்.

"ஒண்ணும் போடாதீக. சும்மா விடுங்க."

மேடையில் மூன்று தாள அடி சும்மா விட்டால் கீபோர்டுக்காரன் தூங்கிவிட்டான் என்பார்கள் என்றார் அவர். கடைசியில் ஒரு ஒப்பந்தம். பொங்கல் மேடையில் சும்மா விட்டுப் பார்ப்பது. பாட்டுப் படுத்துவிட்டால் வெடி உள்ள சிடி கடைக்குப் போகும், செல்வலட்சுமி குறுக்கே நிற்கக்கூடாது. அவள் சம்மதித்தாள். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் ஏன் சம்மதித்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பொங்கல் அன்று பொழுது சாயும் நேரம். மேடைக்கு முன்னால் பாதிக்கூட்டம் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள். முழங்காலில் கட்டோடு ராக்காயி முதல் வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். செல்வலட்சுமி பாட ஆரம்பித்தாள். 'சொல்லவா மாமா' வந்ததும் பெண்கள் பலர் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். சத்தம் வரவில்லை. மூன்று அடியும் வெறுமையாய்ப் போயின. ஓரத்தில் நின்ற இளவட்டம் ஒன்று ஊளையிட்டது. சூர்யபிரகாஷ் அவளைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேன் அல்லவா என்று எழுதி ஒட்டியிருந்தது.

முதல் சரணம் முடிந்து பல்லவி மறுபடி வந்தது. 'வெரலு செவந்த கதை சொல்லவா மாமா' என்று பாடி நிறுத்தினாள். அந்த வெறுமைக்குள்ளே கட்டைக்குரல் ஒன்று பாய்ந்தது.

"சொல்லு, சொல்லு, சொல்லு!"

ராக்காயிதான். தாளம் ஒரு மயிரிழை பிசகவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்த சுற்றில் அவள் வரிசை முழுக்கச் சொன்னது. அதற்கடுத்த சுற்றில் ஊளையிட்ட இளவட்டம் உட்படத் திடலே சொன்னது. செல்வலட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, அடுத்த வரி மறந்தேபோனது. கூட்டமே எடுத்துக்கொடுத்தது. முடிந்ததும் இன்னொரு தரம் என்று விசில் பறந்தது. பாடினாள். இன்னொரு தரம். மறுபடி பாடினாள். மூன்றாம் முறை சூர்யபிரகாஷ் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி, அவரும் அவர்களோடு சேர்ந்து "சொல்லு, சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் பின்னால் அவர் வேர்வையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தார். "ஏம்மா செல்வலட்சுமி, அடிச்ச சிடி அம்புட்டும் குப்பைக்குப் போகட்டும். நாளைக்கே திரும்பப் பதியணும். அந்தப் பொம்பளையாளுக அத்தன பேரையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டு வந்துரு."

"நாளைக்கு எல்லாருக்கும் வேலை இருக்கு அண்ணாச்சி," என்றாள் செல்வலட்சுமி. "ஞாயித்துக்கெளம வாரோம்."