கோவித்துக்கொண்டு நின்ற வண்டி

எங்கள் ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கு யார் பேரும் தெரியாது. எல்லோருடைய வண்டி நம்பரும் தெரியும். பெரிய டாக்டர் அவருக்குப் "பதிமூணு சார்". எக்ஸ்ரே எடுக்கிற நான் "எழுபத்தொண்ணும்மா". வீட்டில் மனைவிக்கு மட்டும்தான் பேர், ஏனென்றால் அவளுக்கு வண்டி கிடையாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இருபது வருஷம் பஸ் டெப்போவில் பஸ் கழுவியவர். ஒரு தடவை பார்த்த நம்பர் அவருக்கு மறக்காது.

வண்டி நிறுத்துகிற இடத்தில் புதுக் கட்டடம் எழும்ப ஆரம்பித்ததும், எங்கள் வண்டிகளெல்லாம் சலவை அறைக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குப் போயின. மூச்சு விட இடமில்லாமல் நான்கு வரிசை. சிமெண்ட் லாரி வரும்போதெல்லாம் முன்வரிசை வண்டிகளை அவர்தான் தள்ளி வைக்க வேண்டும். அதனால் யாரும் ஹேண்டிலைப் பூட்டக் கூடாது என்று உத்தரவு. பூட்டினால் வண்டி நிறுத்தும் பாஸ் போய்விடும், ஒரு மைல் தள்ளியிருக்கும் மைதானத்தில்தான் நிறுத்த வேண்டும்.

நான் பூட்டினேன். புது ஸ்கூட்டர், தவணை முடியவில்லை, எவனாவது தள்ளிக்கொண்டு போய்விட்டால் என்ற பயம். அவ்வளவு அற்பமான காரணம்தான்.

"எழுபத்தொண்ணும்மா, உங்க வண்டி மட்டும் கழுத்தைத் திருப்பிக்கிட்டுக் கோவிச்சுக்கிட்டு நிக்குது. சமாதானம் பண்ணிட்டுப் போங்க" என்று இரண்டு தடவை சொன்னார். சிரித்துவிட்டுப் போனேன். அவர் தினமும் அதைத் தூக்கித் தூக்கி நகர்த்தினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடிக்க, அவசரத்தில் தூக்கியவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தது என் அறைக்குத்தான்.

மேனேஜரும் கூடவே வந்தார்.

"வண்டி பூட்டியிருந்துச்சா? அப்படின்னா ஸ்டாஃப் தப்பு. உங்களுக்கு உட்கார்ந்து பாக்கிற வேலையா எழுதிக் குடுத்துடுவேன். எந்த வண்டி, நம்பரைச் சொல்லுங்க."

அவர் கூரையைப் பார்த்தார்.

"கவனிக்கல சார்."

அவரா கவனிக்காதவர்? மேனேஜர் என்னைப் பார்த்தார். எனக்கு வாய் இருந்தது. "மூச்சை இழுத்துப் பிடிங்கண்ணே" என்றேன். ஒரு மைல் நடைக்குப் பயந்தேன் என்பதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

எலும்பு முறியவில்லை, ஆனால் இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதினார். தூக்காத வாட்ச்மேன் எங்களுக்கு வேண்டாம் என்று ஆபீஸ் எழுதியது. மேனேஜர் அறை வாசல் வரை மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் திரும்பிவிட்டேன்.

அடுத்த மாதம் யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்க வந்தார், இடுப்பில் பெல்ட்டோடு. நான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். ஹேண்டில் நேராக நின்றது. விபத்துக்கு மறுநாளிலிருந்து நான் பூட்டுவதே இல்லை.

"அண்ணே, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ஸ்கூட்டரைப் பார்த்தார். எழுபத்தொண்ணும்மா என்று கூப்பிடவில்லை.

"இப்பல்லாம் பூட்டுறதில்ல போலிருக்கே, மேடம். புது ஆளு குடுத்து வெச்சவரு."

குத்திக்காட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். சந்தோஷமாகத்தான் சொன்னார்.